மறவாத மனமும் மன்னிக்கும் மனமும்



1987-ம் வருஷம் பாஸ்குத் திருநாள் எந்தத் தேதியில் வந்தது என்று உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அன்று எந்தக் கோவிலில் பூசை கண்டீர்கள், மத்தியானம் வீட்டில் என்ன சமையல், விருந்துக்கு யார் யார் வந்திருந்தார்கள் என்று கேட்டால்? வயதானவர்கள் சற்று யோசித்து, ஏப்ரல் மாதமாக இருக்கலாம் என்பார்கள். அதற்கு மேல் சொல்லக்கூடியவர் நம்மில் அபூர்வம். பாஸ்குத் திருநாள் கிறிஸ்துமஸ் போல ஒரே தேதியில் நிற்பதில்லை. வசந்த காலத்துப் பௌர்ணமியைக் கணக்கிட்டு, அதற்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையில் திருச்சபை அதைக் கொண்டாடுகிறது. ஆகையால் அது மார்ச் 22-ந் தேதிக்கும் ஏப்ரல் 25-ந் தேதிக்கும் நடுவே வருஷா வருஷம் மாறிக்கொண்டே இருக்கும். 1987-ல் அது ஏப்ரல் 19-ந் தேதி வந்தது.

இதே கேள்வியை அமெரிக்காவில் ஒரு பெண்மணியிடம் கேட்டார்கள். 1980 முதல் 2003 வரையுள்ள 24 பாஸ்குத் திருநாட்களின் தேதிகளையும் எழுதித் தரும்படி, முன்னறிவிப்பு எதுவுமின்றிக் கேட்டார்கள். பத்து நிமிஷத்தில் அவர் எழுதிக் கொடுத்தார். 24-ல் ஒன்று மட்டும் தவறு. அதுவும் இரண்டே நாள் வித்தியாசம். தேதியோடு நிற்காமல், அந்தந்த நாளில் தாம் என்ன செய்தார் என்பதையும் பக்கத்தில் குறித்துக் கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் திடீரென்று கேட்டபோது எல்லாத் தேதிகளையும் சரியாகவே எழுதினார். இதில் மற்றோர் ஆச்சரியமும் உண்டு. அவர் யூத மதத்தைச் சேர்ந்தவர்; பாஸ்குத் திருநாளை நம்மைப் போலக் கொண்டாடுகிறவர் அல்லர்.

அவர் பெயர் ஜில் பிரைஸ். கலிபோர்னியாவில் வசித்தவர். 2000-ம் வருஷம் ஜூன் மாதத்தில், தமக்கு 34 வயதாயிருந்தபோது, கலிபோர்னியா சர்வகலாசாலையில் ஞாபகசக்தியை ஆராய்ந்து வந்த ஜேம்ஸ் மெக்காவ் என்னும் பேராசிரியருக்குத் தம் நிலையை விவரித்து எழுதினார். பேராசிரியரும் அவருடைய உடன் உழைப்பாளர்களும் அவரைப் பல வருஷம் சோதித்துப் பார்த்தார்கள். அந்த அம்மாள் சிறு வயது முதல் நாள்குறிப்பு எழுதி வந்திருந்தார். அவர் வாயால் சொன்னதை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. 2006-ல் அவர் பெயரை மறைத்து இந்த ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். 2008-ல் அவரே தம் பெயரோடு ஒரு புத்தகம் வெளியிட்டார். 1980 பிப்ரவரி 5-ந் தேதி, ஒரு செவ்வாய்க்கிழமை, அது முதற்கொண்டு தம் வாழ்க்கையின் ஒவ்வொரு நாளும் தமக்கு நினைவில் இருப்பதாக அவர் கூறினார். அன்று அவருக்கு வயது 14.

இதைக் கேட்டவுடன் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசை வரும்: எனக்கும் இப்படி ஞாபகசக்தி இருந்தால் பரீட்சையில் முதலாவதாக வருவேனே என்று. பிள்ளைகளே, அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில் சாதாரண மாணவியாகத்தான் இருந்தார். பாடத்தை மனப்பாடம் செய்வது அவருக்கு நம்மைப் போலவே கஷ்டமாயிருந்தது. இவரைப்போன்ற 11 பேரை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்ட முடிவும் ஏறக்குறைய இதுவே. பொதுவான ஞாபகப் பரீட்சைகளில் அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக மிஞ்சிவிடவில்லை. தங்கள் சொந்த வாழ்க்கையில் நடந்ததையே அவர்களால் மறக்க முடியவில்லை.

அது அந்த அம்மாளுக்குச் சந்தோஷம் தந்ததா? மற்றவர்கள் அதை வரம் என்றார்கள். அவருக்கோ அது பெரும் பாரமாயிருந்தது. கேளாமலே நினைவுகள் வந்தன. ஒரு தேதியைக் கண்டாலும், ஒரு பாட்டைக் கேட்டாலும் போதும். பழைய நாள் ஒன்று முழுவதும் கண்முன் ஓடத் தொடங்கும். அதை நிறுத்த அவரால் கூடவில்லை. நடந்த சம்பவம் மட்டும் திரும்பி வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அன்று பட்ட அவமானமும், அன்று வந்த பயமும், அன்று அழுத அழுகையும் அன்றுபோலவே புதிதாகத் திரும்பின. சிறுமியாயிருந்தபோது யாரோ சொன்ன கடுஞ்சொல், முப்பது வருஷம் கழிந்தும் நேற்றுச் சொன்னது போலக் குத்திற்று. விவாகமான சில வருஷங்களிலேயே கணவரை மரணத்தில் இழந்தார். காலம் செல்லச் செல்லத் துக்கம் மங்கும் என்று நாம் ஆறுதல் சொல்கிறோமே, அந்த ஆறுதல் அவரிடம் எப்படிச் செல்லும்?

பிரியமானவர்களே, இந்த அம்மாளின் வாழ்க்கையிலிருந்து நம் ஆத்துமத்துக்கு உதவும் மூன்று காரியங்களை இன்று தியானிப்போம். மறதி சர்வேசுரன் தந்த ஓர் உபகாரம் என்பது முதலாவது. நம் ஞாபகத்தை நாமே மிஞ்சி நம்பலாகாது என்பது இரண்டாவது. மறக்க முடியாதவனும் மன்னிக்க முடியும் என்பது மூன்றாவது.

முதலாவது: மறதியைக் குறையென்றே நினைத்துப் பழகிவிட்டோம். சாவியை எங்கே வைத்தேன், அடுப்பை அணைத்தேனா என்று அல்லற்படும்போது அது குறையாகத்தான் தோன்றும். ஆனால் பிள்ளை பெற்ற தாயைப் பாருங்கள். பிரசவ வேதனை அன்றைக்கு இருந்த உக்கிரத்தோடு என்றைக்கும் அவள் மனத்தில் நின்றால், இரண்டாவது பிள்ளைக்கு அவள் துணிவாளா? தகப்பனை அடக்கம் செய்துவிட்டு வந்த மகன், அன்றைய துக்கம் ஓர் அணுவும் குறையாமல் இருபது வருஷம் சுமப்பானானால், அவனால் வயலுக்குப் போகவும் பிள்ளைகளோடு சிரிக்கவும் கூடுமா? சர்வேசுரன் நம்முடைய பலவீனத்தை அறிந்தவர். காயத்தின்மேல் தோல் வளர்வதுபோல, நினைவின்மேல் காலம் வளரும்படி நம்மைப் படைத்திருக்கிறார்.

எல்லாவற்றையும் ஒரே மாதிரி நாம் மறப்பதுமில்லை. நேற்றுக்கு முந்தின நாள் காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது போய்விடுகிறது. கலியாண நாள் நிற்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த இரவு நிற்கிறது. ஊரார் முன்னிலையில் ஒருவன் நம்மை ஏசியதும் நிற்கிறது. இதற்குக் காரணத்தைப் பேராசிரியர் மெக்காவும் மற்ற விஞ்ஞானிகளும் விளக்கியிருக்கிறார்கள். பயமோ கோபமோ பெருமகிழ்ச்சியோ உண்டாகும்போது நம் சரீரத்தில் அட்ரினலின் என்னும் சுரப்பு பெருகுகிறது. மூளையின் உள்ளே பாதாம் பருப்பைப்போன்ற வடிவமுள்ள ஒரு சிறு பகுதி அதனால் தூண்டப்பட்டு, அந்த வேளையில் நடந்ததை ஆழமாகப் பதிக்கச் செய்கிறது. பாம்பைக் கண்ட இடத்தை ஒருவன் மறவாதிருப்பது அவன் உயிருக்கு நல்லது. அதற்காகவே நமக்கு இந்த அமைப்பு தரப்பட்டிருக்கிறது.

ஆனால் இதில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. பாம்பைப் பதிக்கும் அதே ஆணி, மைத்துனர் சொன்ன சொல்லையும் பதிக்கிறது. அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசும்போது அது மேலும் ஆழமாக இறங்குகிறது. ஜில் பிரைஸ் அம்மாள் மறக்க முடியாமல் கஷ்டப்பட்டார். நாமோ, தானாக மறைந்து போகவிருக்கும் கசப்பை, மறைந்து போகாதபடி தினந்தோறும் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறோம். கலியாணப் பந்தியில் தன் அண்ணனை முன்வரிசையில் உட்கார வைக்கவில்லை என்று பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் வீடுகள் இல்லையா? சீர் தட்டில் எத்தனை பழம் குறைந்தது என்பதைப் பேரப்பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்கும் வீடுகள் இல்லையா? அந்தக் குழந்தைகள் காணாத சண்டையை அவர்கள் நெஞ்சில் எழுதி வைக்கிறோம். சர்வேசுரன் தந்த மறதியென்னும் மருந்தை, நாமே தெருவில் கொட்டிவிடுகிறோம்.

இரண்டாவது: நம் ஞாபகத்தை மிஞ்சி நம்பலாகாது. சண்டை நடக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: எனக்கு நன்றாய் நினைவிருக்கிறது, நீ இன்ன நாள், இன்ன இடத்தில் நின்று, இன்ன வார்த்தை சொன்னாய். எதிரிலிருப்பவர், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் தங்கள் நினைவைத்தான் சொல்கிறார்கள். அப்படியானால் யார் சொல்வது சரி?

1986-ம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி, அமெரிக்காவில் சாலஞ்சர் என்னும் விண்கலம் புறப்பட்ட சற்று நேரத்தில் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் மாண்டார்கள். மறுநாள் காலையில் எமரி சர்வகலாசாலையில் மாணவர்களிடம், இந்தச் செய்தியை எங்கே, எப்படி, யார் மூலம் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார்கள். ஏறக்குறைய இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்வியை மறுபடி கேட்டார்கள். 11 பேர் சொன்னது, முன்னே தங்கள் கைப்பட எழுதியிருந்ததோடு சிறிதும் பொருந்தவில்லை. மற்றும் அநேகருடைய பதிலிலும் பாதிக்கு மேல் தவறு. அப்படியிருந்தும் பலர் தங்கள் நினைவு சரியே என்று உறுதியாக நம்பினார்கள்.

சாதாரண மனிதர் அப்படி. ஜில் பிரைஸ் அம்மாளைப்போன்றவர்கள் தவறமாட்டார்கள் அல்லவா என்று கேட்பீர்கள். அதையும் சோதித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட 20 பேரைப்பற்றிய ஆராய்ச்சி 2013-ல் வெளியாயிற்று. ஒன்றோடொன்று சம்பந்தமுள்ள சொற்களை அவர்களுக்குக் காட்டினார்கள். எடுத்துக்காட்டாக, படுக்கை, தலையணை, கனவு, களைப்பு என்பது போன்ற சொற்களைக் காட்டிவிட்டு, தூக்கம் என்ற சொல் அதில் இருந்ததா என்று கேட்பது இந்தச் சோதனையின் முறை. இல்லாத சொல்லை இருந்ததாகச் சொன்ன விஷயத்தில் அவர்களும் மற்றவர்களைப் போலவே ஏமாந்தார்கள். தேதிவாரியாக வாழ்க்கையை நினைவில் வைத்திருப்போரின் மனமும் நடவாததைச் சேர்த்துக்கொள்ளும் என்றால், உங்கள் நினைவும் என் நினைவும் எம்மாத்திரம்?

நம் ஞாபகம், கோவில் பதிவுப் புத்தகத்தில் எழுதி வைத்த ஞானஸ்நானக் குறிப்பைப்போல மாறாமல் கிடப்பதன்று. ஒவ்வொரு தடவையும் எடுத்துப் பார்க்கும்போது நம் மனநிலை அதன்மேல் சாயம் பூசிவிடுகிறது. கோபமாயிருப்பவன் நினைக்கும்போது பழைய குற்றம் பெரிதாகிறது. அவன் செய்த குற்றமோ சிறிதாகிறது. ஆகையால், பிரியமானவர்களே, இனிமேல் உங்கள் வீட்டில் பழைய காரியம் ஒன்றைப்பற்றி வாக்குவாதம் எழும்பினால், அடித்துப் பேசுவதற்கு முன் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்: எனக்கு நினைவிருக்கிற வரையில் என்று. அது சின்ன வார்த்தை. ஆனால் அதில் தாழ்ச்சி என்னும் புண்ணியம் அடங்கியிருக்கிறது. அண்ணன் தம்பி வழக்குகளில் பாதி, இந்த ஒரு வார்த்தையிலேயே தணிந்துவிடும்.

மூன்றாவது: மறக்க முடியாதவன் மன்னிக்க முடியுமா? பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவர்களில் அநேகரை வாதிக்கும் கேள்வி இது. சாமி, அவனை மன்னித்துவிட்டேன் என்று வாயால் சொல்கிறேன், ஆனால் அவன் செய்தது மறக்கவில்லையே, என் மன்னிப்பு செல்லுமா என்று கேட்டுக் கண்ணீர் விடுகிறார்கள். அவர்களுக்கு ஆறுதலான பதில் வேதத்திலேயே இருக்கிறது. நமது ஆண்டவர் சத்துருக்களை மன்னிக்கக் கட்டளையிட்டார். பரலோக மந்திரத்தில், நாம் பிறரை மன்னிப்பதையே அளவாக வைத்து நமக்கு மன்னிப்புக் கேட்கும்படி கற்பித்தார். எங்கேயாவது, உனக்கு நடந்ததை மறந்துபோ என்று நம் ஞாபகசக்திக்குக் கட்டளையிட்டாரா? இல்லை. மன்னிப்பு மனச் சம்மதத்தைச் சேர்ந்தது. மறதியோ நம் கையில் இல்லாதது. நம் கையில் இல்லாததைச் சர்வேசுரன் நம்மிடம் கடனாகக் கேட்பதில்லை.

பழைய ஏற்பாட்டில் வரும் யோசேப்பை எண்ணிப் பாருங்கள். பதினேழு வயதில் சொந்தச் சகோதரரே அவரை 20 வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். எஜிப்து தேசத்தில் அடிமையானார். பொய்க் குற்றத்தால் சிறையில் கிடந்தார். முப்பது வயதில் பரவோன் அரசனுக்கு அடுத்த ஸ்தானத்துக்கு உயர்ந்தார். தமக்குத் தலைமகன் பிறந்தபோது மனாசே என்று பெயரிட்டார்; தம் துன்பத்தையும் தகப்பன் வீட்டையும் சர்வேசுரன் மறக்கச் செய்தார் என்பது அதன் கருத்து. ஆனால் பஞ்ச காலத்தில் அந்தச் சகோதரர் தானியம் வாங்க வந்து நின்றபோது, கண்டவுடனே அவர்களை அறிந்துகொண்டார். சிறு வயதில் தாம் கண்ட கனவுகளையும் நினைவுகூர்ந்தார் என்று வேதம் சொல்லுகிறது. அவர் ஒன்றையும் மறக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேற்பட்ட காயம் அது. கடைசியில், எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, அரண்மனையில் இருந்தோர் கேட்கும்படி சத்தமிட்டு அழுதார். தாமே அவர்கள் விற்ற சகோதரன் என்று தெரிவித்தார். அவர்கள் செய்ததைச் செய்யவில்லை என்று மூடி மறைக்கவில்லை. அதே தீமையைக் கொண்டு சர்வேசுரன் அநேகருடைய உயிரைக் காப்பாற்றினார் என்று எடுத்துக் காட்டினார்.

கதை அதோடு முடியவில்லை. தகப்பனார் யாக்கோபு இறந்தபின் சகோதரர் நடுங்கினார்கள். இத்தனை நாள் தகப்பனுக்காகப் பொறுத்திருந்தான், இனி பழி வாங்குவான் என்று பயந்தார்கள். அவருடைய ஞாபகத்தைக் கண்டே பயந்தார்கள். அதைக் கேட்டு யோசேப்பு மறுபடியும் அழுதார். அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் போஷிப்பதாக வாக்குக் கொடுத்துத் தேற்றினார். மறக்காமலே மன்னித்தவர் அவர். மறந்துபோனவன் மன்னிப்பதில் என்ன புண்ணியம் இருக்கிறது? எல்லாம் நினைவிருந்தும் ஒருவன் கை நீட்டிச் சோறு போடுகிறானே, அதுவே மன்னிப்பு.

இதிலும் மேலான உதாரணம் நமது ஆண்டவரே. கல்லறையினின்று மகிமையோடு உயிர்த்தெழுந்தவர், தம் சரீரத்தின் ஐந்து காயங்களையும் அழித்துவிட்டு எழுந்திருக்கலாம் அல்லவா? அப்படிச் செய்யவில்லை. அர்ச். தோமையாருக்கு அந்தக் காயங்களையே காட்டினார். ஆனால் அந்தக் காயங்களிலிருந்து இனி இரத்தம் ஒழுகவில்லை. அவற்றைக் காட்டி ஒருவரையும் அவர் குற்றஞ்சாட்டவுமில்லை. சமாதானம் சொல்லிக்கொண்டே காட்டினார். மன்னித்தவனுடைய ஞாபகமும் அப்படித்தான் இருக்கும். தழும்பு இருக்கும்; இரத்தம் ஒழுகாது.

அர்ச். இராயப்பரையும் நினையுங்கள். பிரதான குருவின் முற்றத்தில் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்த இடத்தில் அவர் ஆண்டவரை மூன்று தடவை மறுதலித்தார். சேவல் கூவினவுடன் ஆண்டவர் முன்னறிவித்தது ஞாபகத்துக்கு வர, வெளியே போய் மனங்கசந்து அழுதார். அந்த ஞாபகம் அவருக்கு ரட்சணியமாயிற்று. பின்பு உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் அவரைச் சந்தித்தபோது, அங்கேயும் கரிநெருப்பு மூட்டியிருந்தது என்று அர்ச். அருளப்பர் எழுதுகிறார். அந்த நெருப்பின் அருகே ஆண்டவர் மூன்று தடவை, தம்மை நேசிக்கிறாரா என்று கேட்டார். பழைய இரவை மறக்கச் செய்யாமல், அந்த நினைவின்மேலேயே மருந்து வைத்துக் கட்டினார்.

மகா வேதபாரகரான அர்ச். அகுஸ்தீனார், ஹிப்போ நகரத்தின் மேற்றிராணியாரானபின், ஏறக்குறைய 400-ம் வருஷத்தை ஒட்டித் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். பதினாறாம் வயதில் தோழரோடு சேர்ந்து பக்கத்துத் தோட்டத்துப் பேரிக்காய்களைத் திருடியதையும் அதில் ஒளிக்காமல் எழுதினார். தம் தாயாராகிய அர்ச். மோனிக்கம்மாள் 387-ல் ஓஸ்தியாத் துறைமுகத்தில் மரித்ததையும் எழுதினார். அந்நூலின் பத்தாம் புத்தகத்தில் மனிதனுடைய ஞாபகசக்தியைப்பற்றி நீண்ட தியானம் ஒன்று செய்கிறார். அதில் ஓர் அழகிய உவமை உண்டு. ஞாபகம் மனத்துக்கு வயிறு போன்றதாம். இனிப்பும் கசப்பும் வாயில் இருக்கும்போது ருசிக்கும். வயிற்றில் சேர்ந்தபின் ருசி தெரியாது. அப்படியே, பழைய துக்கத்தைத் துக்கமில்லாமல் நினைக்க நமக்குக் கூடுகிறது என்று அவர் வியக்கிறார். ஜில் பிரைஸ் அம்மாளுக்கோ கசப்பு எப்போதும் வாயிலேயே நின்றது. அது அவர் குற்றமன்று. ஆனால் நம்மில் எத்தனை பேர், விழுங்கிச் செரித்துவிடக் கூடிய கசப்பை, வேண்டுமென்றே வாயிலேயே அடக்கிவைத்து மென்றுகொண்டிருக்கிறோம்!

இனி நடைமுறைக்கு வருவோம். இந்த வாரத்தில் நம் குடும்பங்களில் செய்யக்கூடியவை சில உண்டு.

இரவில் குடும்பச் செபமாலை முடிந்தபின் ஆத்தும சோதனை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். அர்ச். இஞ்ஞாசியார் அதற்கு ஒழுங்கு வகுத்தபோது, பாவங்களைத் தேடுவதற்கு முன் சர்வேசுரன் செய்த உபகாரங்களுக்கு நன்றி செலுத்துவதை முதலாவதாக வைத்தார். அந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். அன்றைய நாளில் கிடைத்த நன்மைகளில் இரண்டையாவது பெயர் சொல்லி நினையுங்கள். பிள்ளைகளையும் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லுங்கள். காயம் தானாகவே பதியும். உபகாரத்தையோ நாம் முயன்றுதான் பதிக்கவேண்டும். தேவமாதா தம் திருக்குமாரனைப்பற்றி நடந்ததையெல்லாம் நெஞ்சில் வைத்துத் தியானித்து வந்தார்கள் என்று அர்ச். லூக்காஸ் இரண்டு தடவை எழுதியிருக்கிறார். ஞாபகத்தை எதற்கு உபயோகிக்கவேண்டும் என்பதை நம் தாயாரிடம் கற்றுக்கொள்வோம்.

விதவையோ, பிள்ளையைப் பறிகொடுத்த தாயோ உங்கள் தெருவில் இருந்தால், இன்னுமா அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய், மறந்துவிடு என்று சொல்லாதீர்கள். மறப்பது எல்லார் கையிலும் இல்லை என்பதை இன்று கேட்டீர்கள். அதைவிட, இறந்தவர் பெயரைச் சொல்லி, அவர் செய்த ஒரு நல்ல காரியத்தை நினைவூட்டி, அவருடைய ஆண்டு நாளில் அவர்களோடு திவ்விய பூசைக்கு வந்து முழந்தாளிடுங்கள். துக்கத்தைப் பங்கிட்டுக்கொள்வதே ஆறுதல்.

வீட்டில் வயதான தாய் தகப்பன் நினைவு தப்பி, ஒரே கேள்வியை நாலு தடவை கேட்கலாம். பெற்ற மகனையே யார் என்று கேட்கலாம். நாலாவது தடவையும் முதல் தடவை போலவே பதில் சொல்லுங்கள். தாய் தன் பிள்ளையை மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்று இசயாஸ் தீர்க்கதரிசியின் வாயிலாக ஆண்டவர் வாக்களித்திருக்கிறார். அந்த வாக்கு, மறந்துபோன தாய்க்கும் உரியது, மறக்கப்பட்ட மகனுக்கும் உரியது. உங்கள் தாயார் மறந்துவிட்ட அவர் வாழ்க்கையை இப்போது நீங்கள் அவருக்காக நினைவில் சுமக்கிறீர்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் பொறுக்கப்பட்ட பழைய பாவம் திரும்பத் திரும்ப மனத்தில் வந்து வாதித்தால், மன்னிப்புக் கிடைக்கவில்லையோ என்று கலங்க வேண்டாம். நினைவு இருப்பது பாவம் இருப்பதற்கு அடையாளமன்று. அது வரும்போதெல்லாம், இதையும் பொறுத்தீரே சுவாமி என்று நன்றி சொல்லுங்கள். அகுஸ்தீனார் தம் பேரிக்காய்த் திருட்டை நினைத்தது அப்படித்தான்.

கடைசியாக, பேச்சுவார்த்தை அற்றுப்போன உறவினர் ஒருவர் உங்களில் அநேகருக்கு இருப்பார். அவர் செய்தது உங்களுக்கு நினைவிருக்கிறது, தேதியும் நினைவிருக்கலாம். இருக்கட்டும். அந்த நினைவோடேயே போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மனம் மறக்கட்டும், பிறகு போகலாம் என்று காத்திருந்தால், இருவரில் ஒருவர் கல்லறைக்குப் போகும் நாள் முந்திக்கொள்ளும்.

நமது ஆண்டவர் தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில்தானே, தம்மை நினைவுகூரும்படி திவ்விய நற்கருணையை ஸ்தாபித்தார். அந்த இரவில் யூதாசின் துரோகமும் இருந்தது. சீஷரின் ஓட்டமும் இருந்தது. அவையெல்லாம் சுவிசேஷத்தில் எழுதப்பட்டே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு பூசையிலும் அந்த இரவை நாம் நினைக்கும்போது, நமக்குக் கிடைப்பது பழிச்சொல் அல்ல, அவருடைய திருச்சரீரம். இன்று நன்மை வாங்கப் பீடத்தண்டை வருகையில், மறக்க முடியாத அந்த ஒருவருடைய பெயரை உங்களோடு கொண்டுவந்து ஆண்டவர் பாதத்தில் வையுங்கள். அவரை மன்னிக்கும் வரத்தையும் அங்கேயே கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த வரத்தைப் பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவாகிய சர்வேசுரன் உங்கள் எல்லாருக்கும் தந்தருள்வாராக.

ஆமென்.